கோட்டின் உள்பக்கம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கேள்விக்கு முதலில் பதில்: இப்போது வேண்டாம். லண்டன் வேலையில் கிடைத்த முதல் போனஸை அப்படியே சேவில் ரோவில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. அங்கே பெயர்பெற்ற கடை ஒன்றில் கோட்டும் பேண்டுமாக ஒரு சூட் தைக்க இன்றைக்கு 5,000 பவுண்டு போதாது. அந்தக் காசில் என்னவெல்லாம் செய்யலாம் என்று பட்டியல் போட உன் அம்மா இருக்கிறாள், நான் எதற்கு? நான் சொல்ல வருவது வேறு. அந்த சூட் அந்த விலை பெறும். ஆனால் ஏன் பெறும் என்று உன் கண்ணுக்குத் தெரியாதவரை நீ காசு கொடுத்து வாங்குவது ஒரு தெருவின் பெயரைத்தான்.

ஆசைப்பட்டது தப்பு என்று சொல்லவில்லை. "ஆம்பிளைக்கு எதற்கு இத்தனை அலங்காரம்" என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். நம் ஊரில் பெரும்பாலான ஆண்களுக்குக் கோட்டு என்பது ரிசப்ஷன் மேடையில் ஒரு சாயங்காலம், அதற்கப்புறம் பீரோவில் ஆயுள் தண்டனை. ஒரே நாள் போடுவதால், மேடை விளக்கில் பளபளக்கிறதா என்பதை மட்டும் பார்த்து வாங்குகிறோம். நீ இருக்கும் ஊரில் கோட்டு வேலைநாள் உடை. வாரத்தில் நாலு நாள் உடம்பில் கிடக்கப்போகிற பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பது நியாயம்தான். வாங்குவதற்கு முன்னால் பார்க்கப் பழகு என்பதுதான் என் யோசனை. பார்ப்பதற்கு அந்த ஊரில் காசு கேட்க மாட்டார்கள்.

ஒரு வேலைநாளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிக்கடிலியில் இறங்கு. ராயல் அகாடமியின் பின்பக்கமாக வந்தால் சேவில் ரோ தொடங்கும். சின்னத் தெரு. 1730களில் பர்லிங்டன் பிரபுவின் நிலத்தில் போட்டது. அவர் மனைவி டாரதி சேவிலின் குடும்பப் பெயர் அதற்கு வந்தது. முதலில் அது குடியிருப்புத் தெரு. 1806இல் தொடங்கிய பூல் குடும்பத்துத் தையல் தொழிலை, தகப்பனார் இறந்ததும் ஹென்றி பூல் ஏற்று, 1846இல் இந்தத் தெருவைப் பார்த்து வாசல் வைத்தார். மற்ற தையல்காரர்களும் அக்கம்பக்கத்தில் சேர்ந்து, தெருவின் பெயரே தொழிலின் பெயராகிவிட்டது. இன்றைக்கு 15ஆம் எண்ணில் பூல், 11இல் ஹண்ட்ஸ்மேன். 3ஆம் எண் கட்டடத்தின் மொட்டை மாடியில்தான் பீட்டில்ஸ் 1969 ஜனவரியில் கடைசியாகப் பொதுவெளியில் சேர்ந்து வாசித்தார்கள்.

கடை ஜன்னல் பொம்மைகளில் நேரத்தைக் கழிக்காதே. நடைபாதைக் கம்பி வேலிக்கு அப்பால் குனிந்து பார். தரைக்குக் கீழே உள்ள அறைகளில் விளக்கு எரியும். மேசைமேல் துணியைப் பரப்பிக் கையால் தைத்துக்கொண்டிருப்பார்கள். நீ பார்க்க வேண்டியது அதைத்தான்.

அங்கே நடப்பதைச் சொல்கிறேன், பார்க்கும்போது புரியும். முதல் ஆள் கட்டர். நம் ஊர் பாஷையில் கட்டிங் மாஸ்டர். இருபது முப்பது அளவுகள் எடுப்பார். ஆனால் டேப் சொல்வது பாதிதான். மீதியை, நீ எப்படி நிற்கிறாய் என்று பார்த்துத் தெரிந்துகொள்வார். அநேகம் பேருக்கு ஒரு தோள் மற்றதைவிட இறங்கியிருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வளர்ந்த உன் வயசுப் பிள்ளைகளுக்குக் கழுத்து முன்னால் நீண்டிருக்கும். ஒருவருக்குக் கூன், ஒருவருக்குத் தொப்பை, ஒருவருக்குக் கால் வளைவு. வாடிக்கையாளர் எதிரிலேயே இதைச் சொல்ல முடியாதல்லவா? அதனால் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கங்களாகக் குறித்துக்கொள்வார்கள்.

பிறகு தடித்த பழுப்புக் காகிதத்தில் உன் உடம்புக்கென்று புதிதாக ஒரு பேட்டர்ன் வரைவார். அளவுக்குத் தைக்கிறோம் என்று சொல்லும் பல கடைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இங்கே தொடங்குகிறது. அந்தக் கடைகள் ஏற்கெனவே இருக்கிற ஒரு பொது அளவை எடுத்து, கையில் ஒரு அங்குலம் கூட்டி, இடுப்பில் அரை அங்குலம் குறைத்து, தொழிற்சாலைக்கு அனுப்பும். அதுவும் மோசமில்லை, உனக்கு இப்போதைக்கு அது போதும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் இறங்கிய தோளுக்கு அது முழு மருந்து அல்ல. போர்டில் பிஸ்போக், அதாவது ஒருவருக்கென்றே தனியாகத் தைப்பது, என்று எழுதியிருப்பதை வைத்தும் முடிவு செய்யாதே. மெஷினில் தைக்கும் கடையும் அந்தச் சொல்லை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று 2008இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் சொல்லிவிட்டது. எனக்கென்று தனிப் பேட்டர்ன் வெட்டுவீர்களா, எத்தனை ட்ரையல், கோட்டுக்குள் வைக்கும் கேன்வாஸ் தைத்ததா ஒட்டியதா என்று மூன்று கேள்வி கேள். பதில் வரும் விதத்திலேயே கடை தெரிந்துவிடும்.

வெட்டிய துணி, கோட்டு தைப்பவரிடமும் பேண்ட் தைப்பவரிடமும் தனித்தனியாகப் போகும். இரண்டும் வேறு வேறு கை. முதல் ட்ரையலுக்குப் போனால் வெள்ளை நூல் ஓட்டுத்தையலில் தொங்கும் ஒரு கோட்டை உனக்குப் போட்டுவிடுவார்கள். கட்டர் அதன்மேல் சாக்கால் கோடு கிழிப்பார். சில சமயம் ஒரு கையைப் பிய்த்தெடுத்துத் திருப்பிக் குத்துவார். பதறாதே. ட்ரையல் முடிந்ததும் முழுவதையும் பிரித்து, தேய்த்துப் படிய வைத்து, புதிதாகக் கிழித்த கோடுகளின்படி மறுபடி வெட்டுவார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. மாதங்கள் ஓடிவிடும். 2004இல் அந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து வைத்த சங்கம், ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை வேண்டும் என்று விதித்திருக்கிறது. கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்த நேரத்துக்குத்தான். துணிக்குப் போவது கொஞ்சம்.

அந்த நேரம் எங்கே போகிறது? கோட்டின் உள்பக்கத்துக்கு. வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு கேன்வாஸ் இருக்கும். கம்பளி நூலும் குதிரை மயிரும் கலந்து நெய்தது. மார்புப் பகுதியில் அடுக்கடுக்காக அதை வைத்து, வெளித்துணியோடு இறுக்காமல் நெகிழ்வாகக் கையால் தைப்பார்கள். கழுத்திலிருந்து இறங்கி மடிந்து நிற்கும் லேப்பலை விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டே நூற்றுக்கணக்கான பொடித் தையல்கள் போடுவார்கள். அதனால் அந்த வளைவு துணிக்குள்ளேயே தங்கிவிடும். இஸ்திரிப் பெட்டி வைத்து மடித்தது போலத் தட்டையாகக் கிடக்காது. கம்பளித் துணிக்கு இன்னொரு குணம் உண்டு. ஆவியும் சூடும் கொடுத்தால் ஓரிடத்தில் சுருக்கலாம், ஓரிடத்தில் இழுக்கலாம். தட்டையான துணி மார்புக்கும் தோளுக்கும் மேடும் பள்ளமுமாகப் படிவது இப்படித்தான்.

மலிவான ரெடிமேட் கோட்டில் கேன்வாஸுக்குப் பதில் பசை. சூடு கொடுத்து ஒட்டிவிடுவார்கள், ஃப்யூசிங் என்பார்கள். புதிதில் வித்தியாசம் தெரியாது. டிரை க்ளீனிங்குக்குப் பல தடவை போய் வந்தால் பசை விட்டு, மார்பில் கொப்புளம் கொப்புளமாகத் துணி எழும்பும். கடையில் நீயே சோதிக்கலாம். கீழ்ப் பொத்தானுக்குப் பக்கத்தில் வெளித்துணியை ஒரு விரலாலும் உள்துணியை ஒரு விரலாலும் கிள்ளி மெல்லப் பிரித்துப் பார். நடுவில் தனியாக நழுவும் மூன்றாவது ஒரு படலம் விரலுக்குத் தட்டுப்பட்டால் கேன்வாஸ். வெளித்துணியே அட்டை போல விறைத்து, நடுவில் எதுவும் நழுவாவிட்டால் பசை.

அடுத்தது, கடைக்குக் கடை கை மாறுவதைக் கவனி. ஹண்ட்ஸ்மேன் கோட்டு ஒற்றைப் பொத்தானும் நிமிர்ந்த தோளுமாகக் குதிரைச் சவாரிக் கோட்டின் சாயலில் நிற்கும். இதற்கு நேர் எதிர்த் துருவம் ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட். அதன் மூலத்தைத் தேடிப் போனால் ஃபிரடெரிக் ஷோல்ட்டே என்ற டச்சுக்காரரிடம் போய் நிற்கும். ராணுவக் காவற்படை அதிகாரிகளின் மேல்கோட்டில், மார்பிலும் தோள்பட்டையிலும் துணி கொஞ்சம் தாராளமாக விட்டிருந்ததால் ஆள் மிடுக்காகத் தெரிவதை அவர் கவனித்தார். அந்தத் தாராளத்தைச் சாதாரணக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் விண்ட்சர் கோமகனான எட்டாம் எட்வர்டு பல பத்தாண்டுகள் அவரிடம்தான் தைத்தார். ஷோல்ட்டேயிடம் தொழில் படித்தவர் 1906இல் தொடங்கிய கடை ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட். ஹாலிவுட் நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேர் அங்கே வாடிக்கை. அவர் ஆடும் பழைய படம் எதையாவது போட்டுப் பார்: கை உயரும்போதும் கோட்டின் காலர் கழுத்தை விட்டு விலகாது. அக்குளில் கை சேரும் இடத்தை மேலே ஏற்றிச் சின்னதாக வெட்டியிருப்பதால் வரும் பலன் அது. கோட்டு பெரிதாக இருந்தால் கை நன்றாக அசையும் என்று நாம் நினைப்பது எவ்வளவு தவறு என்று புரியும்.

நம் வெயிலுக்கு நெருக்கமான பதில் இத்தாலியின் நேப்பிள்ஸில் இருக்கிறது. 1930களில் ரூபினாச்சி அங்கே நடத்திய கடையின் பெயரே லண்டன் ஹவுஸ். ஆங்கிலேயத் தோரணைமேல் அந்த ஊர்ப் பணக்காரர்களுக்கு அத்தனை மோகம். ஆனால் அங்கே கட்டராக இருந்த வின்சென்சோ அட்டோலினி, தோள் பஞ்சை எடுத்தார், கேன்வாஸை இளக்கினார், லைனிங்கைக் குறைத்தார். சட்டை போல இலேசான கோட்டு வந்தது. தோளில் கை சேரும் இடத்தில் சட்டைக் கையில் வருவது போன்ற சின்னச் சுருக்கங்கள் இருந்தால் அது நேப்பிள்ஸ் பாணி. லண்டனைப் பார்த்து மயங்கியவர்கள், தங்கள் ஊர் வெப்பத்தை மறக்காமல் தைத்துக்கொண்டார்கள். நீ கோயம்புத்தூர் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கும்போது இதை நினைத்துக்கொள்.

இனி உன் முதல் சூட். அளவுக்குத் தைக்கும் நல்ல கடை ஒன்றில், உன் ஒரு மாதச் சம்பளத்தின் சிறு பங்குக்குள் முடித்துக்கொள். நிறம் கருநீலம், இல்லாவிட்டால் நடுத்தரச் சாம்பல். கறுப்பு வேண்டாம், அங்கே அது துக்கத்துக்கும் இராத்திரி விருந்துக்கும் உரியது. பளபளப்பு கூடவே கூடாது. துணி கம்பளி. மீட்டருக்கு 340 முதல் 370 கிராம் வரை எடை இருந்தால் லண்டனில் வருடத்தில் முக்கால்வாசி நாள் போடலாம், தொங்கும் அழகும் இருக்கும். கடைக்காரர் சூப்பர் 150, சூப்பர் 180 என்று எண்களை அடுக்கினால் சிரித்துவிட்டு நகர். அந்த எண் இழை எவ்வளவு மெலிசு என்பதைச் சொல்லுமே தவிர எவ்வளவு உழைக்கும் என்பதைச் சொல்லாது. மெலிந்த இழை சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். தினப்படி உடைக்கு 100, 120 போதும். ஊருக்கு வரும்போது போட என்றால், நூலை நன்றாக முறுக்கி இடைவெளி விட்டு நெய்த ஃப்ரெஸ்கோ வகைத் துணியைக் கேள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊடுருவித் தெரியும். காற்று போகும், கசங்காது.

இந்த உலகத்துக்கு நம் பங்கும் உண்டு. சென்னையைச் சுற்றிய ஊர்களின் கைத்தறிக் கட்டம் போட்ட பருத்தித் துணி, 'மெட்ராஸ்' என்ற பெயரிலேயே 1950களிலும் 60களிலும் அமெரிக்கக் கல்லூரி இளைஞர்களின் கோடைக்கால உடையானது. சாயம் துவைக்கத் துவைக்க ஒன்றோடொன்று கலந்துபோகும். குறையாகச் சொல்ல வேண்டிய அதையே, ஒவ்வொரு சலவைக்கும் புதுத் துணி என்று சொல்லி விற்றார்கள். கோடையில் பழுப்புப் பேண்டுக்கு மேல் ஒரு மெட்ராஸ் சட்டை போட்டுக்கொண்டு போ. கேட்பவர்களுக்குச் சொல்ல உன்னிடம் கதை இருக்கும்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடியில் முகத்தைப் பார்க்காதே. முதலில் காலர்: சட்டைக் காலரோடு ஒட்டி நிற்க வேண்டும், இடைவெளி கூடாது. அடுத்து தோள்: உன் தோள் முடியும் இடத்தில் கோட்டின் தோளும் முடிய வேண்டும். இந்த இரண்டும் தப்பினால் வாங்காதே, அதைச் சரிசெய்வது பெரிய வேலை. பொத்தான் போட்டதும் இடுப்பில் எக்ஸ் போலச் சுருக்கம் விழுந்தால் இறுக்கம். கோட்டு பின்பக்கத்தை மூட வேண்டும். இப்போதைய குட்டைக் கோட்டு மோகம் போய்விடும், போட்டோக்கள் போகாது. சட்டைக் கை ஒரு சென்டிமீட்டராவது வெளியே தெரியட்டும். இரண்டு பொத்தான் கோட்டில் மேல் பொத்தானை மட்டும் போடு. ஷூ, டை, பெல்ட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தையல்காரரிடம் பேசுவதையும் கற்றுக்கொள். நம் ஆட்கள் டெய்லரிடம் சொல்வது இரண்டே வார்த்தை: லூசு, டைட்டு. அதற்குப் பதில் உன் நாளைச் சொல். காலையில் ரயிலில் நின்றுகொண்டு போகிறேன், எட்டு மணி நேரம் உட்காருகிறேன், வலது பாக்கெட்டில் கனமான போன் வைப்பேன், ஆபீசில் ஹீட்டர் அதிகம். இதைக் கேட்டால் அவருக்குப் பத்து முடிவுகள் எடுக்க வழி கிடைக்கும். பிறகு அவர் சொல்வதைக் கேள். பொங்கலுக்கு வரும்போது நம் தெரு டெய்லரிடம் இரண்டு பேண்ட் தைத்து இதைப் பழகிப் பார். செலவு கொஞ்சம், பாடம் அதேதான். தையலுக்குள் துணி விட்டுத் தைக்கச் சொல். வளர்கிற பிள்ளை என்று அம்மாக்கள் கேட்டு வாங்குவார்களே, அதே சங்கதிதான். வளர்ந்த ஆம்பிளையும் வளருவான், அகலத்தில் வளருவான் என்பது சேவில் ரோவுக்கும் தெரியும். அதனால் நல்ல கோட்டில் பத்து வருடம் கழித்துப் பிரித்துப் பெரிதாக்கத் துணி ஒளிந்திருக்கும். மன்னர் சார்லஸ் இளவரசராக இருந்த நாளிலிருந்தே ஒட்டுப் போட்ட கோட்டோடும் ஷூவோடும் படங்களில் தெரிகிறார். பழுது பார்க்க முடிகிற பொருளை வாங்கியவருக்கு அதில் கூச்சம் இல்லை.

காசு விஷயமாக ஒன்று. ஜெர்மின் தெருவில் போ பிரம்மலின் சிலை நிற்கிறது. ஜரிகையும் பவுடரும் விலகி, கருநீலக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் சுத்தமான உடம்புமே ஆணுக்கு அழகு என்று லண்டனுக்குக் காட்டியவர். இன்றைய சூட்டின் வம்சாவளி அவரிடம் போய்ச் சேரும். அவரே கடன்காரர்களுக்குப் பயந்து 1816இல் பிரான்சுக்கு ஓடினார். 1840இல் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் வறுமையில் இறந்தார். மறுபக்கத்தையும் பார். இளவரசர்களும் பேரரசர்களும் வாடிக்கையாக இருந்த ஹென்றி பூல் 1876இல் இறந்தபோது கடை கடனில் தத்தளித்தது. பெரிய மனிதர்களுக்குக் கேட்ட போதெல்லாம் கடன் கொடுத்ததன் பலன். ஆகவே கடன் வாங்கித் தைக்காதே. தைத்தபின் கூலியை இழுத்தடிக்காதே. இரண்டாவது, முதலாவதைவிட முக்கியம். நீ துணியை ரசிப்பவன் என்பதற்குத் தையல்காரர் நம்பும் ஒரே சாட்சி அதுதான்.

இந்த மாதம் நீ செய்ய வேண்டியது சின்ன வேலை. லண்டனில் பழைய துணி விற்கும் கடைகள் நிறைய. கையால் தைத்த பழைய கோட்டு ஒன்றைத் தேடு. உள் பாக்கெட்டுக்குள் கையை விட்டால் ஒரு லேபிளில் முதல் உரிமையாளரின் பெயரும் தைத்த தேதியும் எழுதியிருக்கும். தோள் பொருந்தினால் போட்டுக்கொள். பொருந்தாவிட்டால் இன்னும் நல்லது: ஒரு பிளேடால் லைனிங்கை மெல்லப் பிரி. கேன்வாஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, லேப்பலுக்குள் தையல் எப்படி ஓடுகிறது, ஓரங்களில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், காஜாவைக் கையால் எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார். எந்தக் கடையின் விற்பனையாளரும் உனக்குச் சொல்லித்தர முடியாததை அந்தக் கோட்டு சொல்லும்.

மூன்று நாலு வருடம் இப்படிப் பார்த்தபின், பேண்ட் இரண்டும் சூட் ஒன்றும் போட்டுத் தேய்த்தபின், எந்தக் கையிலிருந்து எப்படிப்பட்ட தோள் வேண்டும் என்று உனக்கே தெரியும். அப்போது அந்தத் தெருவில் படியேறு. கட்டர் வெள்ளை நூல் தொங்கும் கோட்டோடு உன்னைச் சுற்றி வரும்போது, அவர் எதைச் சரிசெய்கிறார் என்று நீயும் பார்த்துக்கொண்டிருப்பாய். அவர் கேட்கிற கூலி அதிகமா, நியாயமா என்று என்னைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

அன்புடன்,
மாமா